உலையை நிறுத்திய பிறகும் எதற்குத் தண்ணீர்? ஜெனரேட்டர் கூடவா இல்லை?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அணு உலையைச் சில நொடிகளில் நிறுத்திவிடலாம் என்கிறார்கள், அப்படியிருக்க ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஏன் நாட்கணக்கில் தண்ணீர் ஊற்றினார்கள்? அவ்வளவு பெரிய நிலையத்தில் ஒரு ஜெனரேட்டர் கூடவா இல்லை? தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனில் வேலை கிடைத்திருக்கிறது, கூபர்க் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு, போகலாமா?

உங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சென்னையிலோ கோவையிலோ ஐடி வேலை. நீங்கள் பயப்படவில்லை, அம்மா மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார். சரியா?

நான் விஞ்ஞானி இல்லை. தூத்துக்குடிக்காரன், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 16 வருடமாக ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறேன். லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) புண்ணியத்தில் சோறு சாப்பிட்டவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுமின்சாரத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று கமென்டில் வந்து மல்லுக்கு நிற்காதீர்கள். எனக்கு இடிந்தகரையில் சொந்தக்காரர்களும் உண்டு, கூடங்குளத்தில் வேலை பார்க்கும் கூட்டாளியும் உண்டு. இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. "ஜெனரேட்டர் கூடவா இல்லை" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே கேள்வியை 2022-இல் ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே கேட்டார்.

முதலில் தண்ணீர் விஷயம். உலையை நிறுத்துவது என்றால் யுரேனியம் பிளவதை நிறுத்துவது. கட்டுப்பாட்டுக் கம்பிகள் உள்ளே போனால் அது நொடிகளில் நின்றுவிடும். ஃபுகுஷிமாவிலும் நின்றது. 2011 மார்ச் 11 மதியம் 2:46-க்கு நிலநடுக்கம், ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3 உலைகள் தானாகவே நின்றுவிட்டன. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் அதுவரை பிளந்து பிளந்து உண்டான துண்டுகள் எரிபொருளுக்குள்ளேயே கிடக்கின்றன. அவை தாமாகச் சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. பலர் இதற்குத் தோசைக்கல்லை உதாரணம் காட்டுகிறார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. கல்லில் இருப்பது பழைய சூடு, விட்டால் ஆறிவிடும். இது புதிதாக உண்டாகும் சூடு. இங்கே டர்பனைச் சுற்றியுள்ள நாட்டால் பகுதியில் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை மலைபோல் குவித்து வைப்பார்கள். யாரும் தீ வைக்க வேண்டாம், உள்ளுக்குள் அதுவாகவே சூடேறும், கவனிக்காமல் விட்டால் பற்றிக்கொள்ளும். அதைச் சொன்னால் கொஞ்சம் கிட்ட வரும்.

ஃபுகுஷிமா 1-ஆம் உலையின் வெப்பத் திறன் 1,380 மெகாவாட். நின்ற மறுகணம் அதில் 6, 7 சதவீதம் மிச்சமிருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீத அளவுக்கு இறங்கும், ஒரு நாள் கழித்து அரை சதவீதம். அரை சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் சுமார் 7 மெகாவாட். நான் பார்க்கும் 60 கேவிஏ அளவு ஜெனரேட்டர்கள் 140 சேர்ந்து முழு லோடில் ஓடினால்தான் அவ்வளவு வரும். அந்தச் சூடு மணிக்கு 10 டன்னுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கிவிடும். போன தண்ணீருக்கு ஈடாக ஊற்றாவிட்டால் எரிபொருள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும். அதன் உறை ஜிர்கோனியம். 1,200 டிகிரியைத் தாண்டினால் அது நீராவியோடு வெறித்தனமாகச் சேர்ந்து ஹைட்ரஜனைக் கக்கும். டிவியில் கட்டடம் பறந்ததைப் பார்த்தீர்களே, அது அந்த ஹைட்ரஜன்தான். அணுகுண்டு மாதிரியான வெடிப்பு இல்லை.

இனி ஜெனரேட்டர். இருந்தது தம்பி. ஆறு உலைகளுக்கும் சேர்த்து 13 இருந்தன. வெளிமின்சாரம் போனதும் டீசல் மெஷின்கள் ஓடத் தொடங்கின. ஐம்பது நிமிடம் கழித்துக் கடல் வந்தது. அலை 14, 15 மீட்டர், முதல் நான்கு உலைகள் நின்ற தரை 10 மீட்டர். மெஷின்களில் பெரும்பாலானவை இருந்தது டர்பைன் கட்டடங்களின் பேஸ்மென்ட்டில். அடுத்த விஷயம் என் தொழில்காரனுக்குத்தான் அதிகம் உறைக்கும்: 2-ஆம், 4-ஆம் உலைகளுக்கென்று இருந்த, காற்றில் குளிரும் இரண்டு மெஷின்கள் மேலே இருந்ததால் மூழ்கவே இல்லை. இருந்தும் பயனில்லை. அவை தரும் கரண்டை வாங்கிப் பிரித்து அனுப்ப வேண்டிய மின்பேனல்கள் கீழே மூழ்கிக் கிடந்தன. 13-இல் கடைசியாக வேலைக்கு ஆனது 6-ஆம் உலையின் ஒரே ஒரு மெஷின். அது 5, 6 இரண்டையும் காப்பாற்றியது.

இப்போது என் கதை. 2022 ஏப்ரல் 11 ராத்திரி. டர்பன் வெள்ளம் பற்றி உங்கள் ஊர் செய்தியில் ஒரு நாள் வந்திருக்கும். இங்கே 400 பேருக்கு மேல் செத்தார்கள். இரவு ஒன்பதரைக்கு டர்பனுக்குத் தெற்கே ஒரு முதியோர் இல்லத்தின் மேட்ரன் போன் செய்தார். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, இரண்டு பேர் ஆக்ஸிஜன் மெஷினில் இருக்கிறார்கள் என்றார். வழக்கமாக அரை மணி நேர வழி. அன்று பக்கியில் (திட்டவில்லை, இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) போய்ச் சேரவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

மெஷின் பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கின் மூலையில். சரிவில் டார்ச்சோடு இறங்கினேன், இடுப்பைத் தாண்டி மார்புக்கு வந்தது தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் மேல் டீசல் படலம் மயில் கழுத்து மாதிரி மின்னியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் என்னுடைய பழைய ஆயில் டப்பாவும் மிதந்தன. ஜெனரேட்டரின் புகைபோக்கி மட்டும் வெளியே தெரிந்தது. செய்ய ஒன்றுமில்லை, திரும்பி மேலே வந்தேன்.

மேட்ரன் படியிலேயே நின்றிருந்தார். "மாசாமாசம் உங்களுக்குக் காசு கட்டுறோமே, ஒரு ஜெனரேட்டர் கூடவா இல்லை?" என்றார்.

இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் பிரச்சினை. சர்வீஸ் தாளில் "நிறுவிய இடம் சரியாக உள்ளதா" என்று ஒரு கட்டம் உண்டு. ஆறு வருடம் அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான்தான். பேஸ்மென்ட்டில் வைத்தது நான் இல்லை, எனக்கு முன்னால் யாரோ. அதனால் எனக்கென்ன என்று டிக் போட்டேன். ஒரு தடவையாவது "இதை மேலே தூக்குங்கள்" என்று எழுதியிருக்கலாம். எழுதினாலும் செலவு செய்திருக்க மாட்டார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாதிரித் தப்பு பெரிய இடத்திலும் நடக்கும். 1979 மார்ச் 28, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட். அவசரத் தண்ணீர் பம்புகள் ஓடின, ஆனால் தண்ணீர் போகவில்லை. முன்னால் செய்த ஒரு சோதனைக்குப் பிறகு வால்வுகள் மூடியபடியே கிடந்தன. மூடியிருக்கிறது என்று காட்டும் விளக்குகளில் ஒன்றை ஒரு பராமரிப்பு அட்டை தொங்கி மறைத்துவிட்டது. கண்டுபிடிக்க 8 நிமிடம் ஆனது. அந்த விபத்துக்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு, ஆனால் எனக்கு மறக்காதது அந்த அட்டைதான்.

சரி, அன்றைக்கு என்ன செய்தோம்? இல்லத்தில் ஒரே ஒரு சிலிண்டர், அது விடியும்வரை இரண்டு பேருக்கும் தாங்காது. என் டூல்ஸுக்காக வண்டியில் 1,000 வாட் இன்வெர்ட்டர் வைத்திருப்பேன். ஆக்ஸிஜன் மெஷின் 350 வாட் இழுக்கும். பக்கியைப் புல்தரை மேலேற்றி ஜன்னலை ஒட்டி நிறுத்தினேன், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி. பேட்டரியில் கிளிப்பை மாட்டி, ஜன்னல் வழியாக வயர் விட்டோம். ஒருவர் இன்வெர்ட்டரில், ஒருவர் சிலிண்டரில், பிறகு மாற்றி. இரண்டையும் சேர்த்து மாட்டிப் பார்த்தேன், கிளிப்பில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது, உடனே பிடுங்கிவிட்டேன். மழையில் பானெட்டைத் திறந்து வைத்து ஒரு தார்பாயைப் பிடித்துக்கொண்டு காவலாளி ஒருவர் நின்றார், இரண்டு மணி நேரம் அசையவில்லை. கட்டிலில் இருந்த ஆயாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. அந்தத் தலைமுறைக்குத்தான் இங்கே நாலு வார்த்தை தமிழ் மிச்சம். மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "சாப்ட்டியா தம்பி?" என்றார்.

பிற்பாடு ஃபுகுஷிமா பற்றிப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கேயும் அந்த ராத்திரி கார், பஸ்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கட்டுப்பாட்டு அறைக்குத் தூக்கிப் போனார்கள். உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டருக்குக் கூடக் கரண்ட் இல்லை. கார் பேட்டரியை மாட்டித்தான் அளவு பார்த்தார்கள். 1-ஆம் உலையில் அப்படிக் கிடைத்த அளவும் பொய், தண்ணீர் இருப்பதாகக் காட்டியது, ஆனால் உலைக்குள் எரிபொருள் தண்ணீருக்கு மேலே தெரிய ஆரம்பித்துவிட்டது. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகளைத் திறக்க 12 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகச் சேர்த்தார்கள். ஜெனரேட்டர் ஏற்றிய லாரிகள் வந்தன, கனமான கேபிளை ஆட்கள் கையால் இழுத்தார்கள். வேலை முடியும் நேரத்தில், மார்ச் 12 பிற்பகல் 3:36-க்கு 1-ஆம் உலைக் கட்டடம் வெடித்துக் கேபிள் நாசமானது. அதற்கப்புறம் தீயணைப்பு வண்டிதான் கதி. நல்ல தண்ணீர் தீர்ந்ததும் கடல்நீர். கடல்நீரை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நிலைய மேலாளர் மசாவோ யோஷிதா வீடியோ கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி "நிறுத்து" என்றார். தன் ஆளிடம் மட்டும், நான் என்ன சொன்னாலும் நிறுத்தாதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆட்களை வெளியேற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மேட்ரனிடம் அன்று ஒரு உறவினர், எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றுங்கள் என்று கத்தினார். அந்த அம்மா மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. ஃபுகுஷிமாவில் 3 கிலோமீட்டர், 10, பிறகு 20 என்று வட்டத்தை ஒரு நாளைக்குள் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். படுத்த படுக்கையான நோயாளிகளைப் பஸ்ஸில் மணிக்கணக்கில் அலைக்கழித்ததிலேயே பல முதியவர்கள் இறந்தார்கள். இடம்பெயர்ந்த அலைச்சலாலும் அதன் பின்விளைவுகளாலும் அந்த மாகாணத்தில் இறந்தவர்கள் 2,000-க்கு மேல். கதிர்வீச்சு ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. "உள்ளேயே இருங்கள், ஜன்னலை மூடுங்கள்" என்று சொன்னால் அதுவும் ஒரு பாதுகாப்பு என்கிறேன், அவ்வளவுதான்.

கூபர்க் விஷயத்துக்கு வருகிறேன். கேப்டவுனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், 1980-களின் நடுவிலிருந்து ஓடும் இரண்டு உலைகள். 1-ஆம் உலைக்கு 2024-இல் இன்னும் 20 வருடம் உரிமம் நீட்டியிருக்கிறார்கள். நிலநடுக்கத்துக்காக உலைத் தளத்தையே மெத்தை மாதிரியான ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். வெளிமின்சாரம் போனால் அக்கேசியா என்ற கேஸ் டர்பைன் நிலையத்திலிருந்து கரண்ட் வரும், உள்ளே டீசல் மெஷின்கள் உண்டு, அதுவும் இல்லாவிட்டால் நீராவியாலேயே ஓடும் பம்ப் உண்டு. அந்த ரகப் பம்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஃபுகுஷிமா 2-ஆம் உலையில் அப்படி ஒன்று கரண்டே இல்லாமல் ஏறக்குறைய 70 மணி நேரம் ஓடியது. அவசரத் திட்டம் 16 கிலோமீட்டர் வரை, அதற்குள் 5 கிலோமீட்டர் உள்வட்டம் தனி. வீடு எந்த வட்டத்தில் என்று வாடகை பேசும்போதே கேளுங்கள். சைரனை அவ்வப்போது சோதிப்பார்கள், முதல் தடவை அம்மா போனில் இருக்கும்போது அடித்தால் வம்பு. வேலை நல்லதென்றால் போங்கள். நானாக இருந்தால் போவேன்.

அன்றைய கதையில் மிச்சம்: இரவு இரண்டு மணிக்கு என் மச்சான் ஒரு 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரோடு வந்தார். எங்கள் பகுதிக் கோயிலுடையது, காவடி ஊர்வலத்தில் மைக் செட்டுக்கும் விளக்குக்கும் ஓட்டுவது. சாவி அவரிடம் இருந்தது, தலைவர் போன் எடுக்கவில்லை, தூக்கி வந்துவிட்டார். அதை மாட்டிய பிறகுதான் நான் உட்கார்ந்தேன். இரண்டு பேருமே பிழைத்தார்கள்.

அதற்குக் கோயில் கமிட்டி என்ன செய்தது தெரியுமா? "கேட்காமல் கோயில் பொருளை எடுத்தது" பற்றி ஒரு கூட்டம். மெஷினில் சேறு ஒட்டியிருந்ததாம். அதே கமிட்டி, அதற்கு முந்தைய காவடிக்கு நான் போட்ட லைட் வயரிங்குக்கு 4,800 ராண்ட் பாக்கி வைத்திருக்கிறது. கேட்டால், "சாமி காரியத்துக்குக் காசு கேக்குறீங்களே அண்ணா, இந்தியாவில இருந்து வந்தவங்க எல்லாம் இப்படித்தான்" என்கிறார் பொருளாளர். 160 வருடத்துக்கு முன்னால் அவர் கொள்ளுத் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான், அவர் என்ன வானத்திலிருந்தா குதித்தார்? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்ல வேண்டியிருந்தது.

முதியோர் இல்லத்தில் இப்போது புது ஜெனரேட்டர். மேலே வைக்கச் சொல்லி இந்தத் தடவை எழுத்தில் கொடுத்தேன், மேட்ரனும் கையெழுத்துப் போட்டார். இன்ஷூரன்ஸ்காரர்கள் பழையது இருந்த இடத்தில் பழையது மாதிரி வைக்கத்தான் காசு தருவார்களாம். அதே பேஸ்மென்ட், அதே மூலை. சண்டை போட்டு 40 சென்டிமீட்டர் சிமென்ட் மேடை மட்டும் வாங்கினேன். வெள்ளம் நின்ற கோடு சுவரில் என் மார்பு உயரத்தில் இருந்தது. போன மாதம் சர்வீஸுக்குப் போனேன், பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கோட்டைக் காணோம். அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் வந்தேன்.