பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவமனை அனுபவம் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. வீட்டிலேயே படித்து, என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) மூலம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறாள். டாக்டராக வேண்டும் என்கிறாள். மருத்துவமனையில் தன்னார்வலராக இருக்கவும், ஒரு டாக்டர் கூடவே இருந்து பார்க்கவும் பள்ளி என்று ஒன்று இல்லாத பிள்ளைக்கு வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. நானும் மதுரைப் பக்கம் வீட்டிலேயே படித்து, என்ஐஓஎஸ் வழியாக நீட் எழுதி, இப்போது ஹவுஸ் சர்ஜனாக (எம்பிபிஎஸ் கடைசி ஆண்டில் பயிற்சி டாக்டராக) இருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு இந்த அனுபவம் அரை மார்க்கூடத் தராது. நீட் மதிப்பெண், அப்புறம் கலந்தாய்வு, அவ்வளவுதான். அதனால் சான்றிதழுக்காக அலைய வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போக வேண்டாம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் வருடத்தையும் சேர்த்தால் ஐந்தரை ஆண்டு படிப்பு இது. உடம்பு முடியாத ஒருவர் பக்கத்தில் பொறுமையாக உட்கார முடிகிறதா, அது தனக்குப் பிடிக்கிறதா என்பதை அதில் இறங்குவதற்கு முன்பே அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே போகட்டும்.

பெரிய தனியார் மருத்துவமனையில் போய்க் கேட்டால் ‘எந்த ஸ்கூல்? பிரின்சிபல் லெட்டர் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். எங்களுக்கும் ஒரு இடத்தில் அதுதான் நடந்தது. ‘டாக்டர் கூட நின்று பார்க்க வேண்டும்’ என்று கேட்டால் அவர்களுக்கு அது கூடுதல் பாரம். ‘என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன்’ என்று ஆள் தேவைப்படும் இடத்தில் போய் நின்றால் கதவு திறக்கும். பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

அப்படி ஆள் தேவைப்படும் முதல் இடம், இலவசக் கண் சிகிச்சை முகாம். 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததில் இந்த முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர்களும் செவிலியர்களும் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். இடம், விளம்பரம், ஓடியாட ஆட்கள் எல்லாம் உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், தொண்டு அமைப்புகள் பொறுப்பு. அதனால் மருத்துவமனையில் கேட்பதைவிட முகாம் நடத்தும் சங்கத்தில் கேட்பது சுலபம். ஒரு ஞாயிறு காலை முன்னதாகவே போய் நின்றால் போதும், வேலை தன்னால் வந்து சேரும்.

பெயர் எழுதுவது, வரிசையில் உட்கார வைப்பது, பார்வை சோதிக்கும் இடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் சின்ன வேலைகள்தான். ஆனால் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம் தெரியுமா! ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைப் படியுங்கள் என்றால், பெரியவர்கள் பலர் விரல் இடுக்கு வழியாக அந்தக் கண்ணாலும் பார்ப்பார்கள். ஏமாற்ற அல்ல, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். உள்ளங்கையைக் குவித்து, கண்ணை அழுத்தாமல் மூட வைக்க வேண்டும். கண்புரை என்று தெரிந்தவர்களை அன்றைக்கே பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், இலவசமாக அறுவை சிகிச்சை செய்து, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். அந்த பஸ்ஸில் ஏற மறுத்த ஒரு பாட்டியை நான் மறக்கவே இல்லை. கத்திக்குப் பயம் இல்லை அவருக்கு. ‘ஆட்டுக்குட்டிய யாரு பார்ப்பா?’ என்பதுதான் கவலை. ஆலோசனை சொல்ல வந்த அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் முடிவான பிறகுதான் எழுந்தார். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வைப்பது என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இரண்டாவது இடம், வலி தணிப்பு சிகிச்சை, அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய முயற்சி, உள்ளூர்த் தன்னார்வலர்களின் தோளில்தான் கேரளம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டிலும் புற்றுநோயாளிகளையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அமைப்புகள் இருக்கின்றன. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சேவை உண்டு. செவிலியரோடு போய், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க உதவலாம், படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எப்படி என்று வீட்டார்க்கு அவர் சொல்வதைக் கேட்கலாம், சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். 16 வயதுக்கு இது கனம்தான். முதலில் சில மாதம் முகாம்களுக்குப் போகட்டும், பிறகு இங்கே வரட்டும் என்பது என் யோசனை. போய்வந்த அன்று இரவு அவள் பேசுவதைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

டாக்டர் கூட இருந்து பார்க்க, உங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கைவிட நல்ல இடம் இல்லை. அவருக்கு உங்களைத் தெரியும், பள்ளிக் கடிதம் கேட்க மாட்டார். மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் வார நாள் காலையில் உங்கள் மகளால் போக முடியும். ஓபி (வெளிநோயாளிகளைப் பார்ப்பது) நடப்பதும் அப்போதுதான். கறாரான சில விதிகள் வேண்டும். கைப்பேசி பையில். நோயாளியிடம் டாக்டர் அனுமதி கேட்ட பிறகே அறைக்குள் இருக்கலாம். நோயாளி தயங்கினால் உடனே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். எதையும், யாரையும் தொடக் கூடாது. கேட்டது எதுவும் வெளியே போகக் கூடாது, வீட்டில் சொன்னாலும் பெயரும் அடையாளமும் இல்லாமல். நோயின் பெயர்களை எழுதிக் குவிப்பதைவிட, டாக்டர் முதலில் என்ன கேட்டார், எந்தக் கேள்விக்குப் பிறகு நோயாளி மனம் திறந்தார் என்பதைக் குறித்துக்கொள்வது பின்னால் ரொம்ப உதவும். இப்போது வார்டில் எனக்கு உதவுவது அதுதான்.

அடையாளத்துக்கு என்ஐஓஎஸ் அட்டை, ஆதார், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் போதும். கடிதத்தில் எந்தெந்த நாள் வர முடியும், என்ன வேலை செய்யத் தயார் என்று எழுதுங்கள். வீட்டில் படிக்க வைப்பதற்கான காரணத்தை விளக்க வேண்டாம்.

என்ஐஓஎஸ் படித்தால் நீட் எழுத முடியுமா என்று யாராவது பயமுறுத்துவார்கள். திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடையை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் விஷயம் முடிந்துவிட்டது. எழுதலாம்.

தடுப்பூசி அட்டையை மட்டும் இன்றே எடுத்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் நோய்) தடுப்பூசி போடவில்லை என்றால் மூன்று ஊசி வேண்டும்: முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. முகாமுக்குப் போக அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.