பெரிய மேட்ச் டிக்கெட்டுக்கு ஏன் இந்த விலை? மறுவிற்பனை பற்றிக் கேள்வி பதில்

டிக்கெட் மறுவிற்பனைத் தளம் ஒன்றில், புகார்களைக் கவனிக்கும் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். டிக்கெட் பற்றிக் கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னேன், வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் ‘தீர்ந்துவிட்டது’ என்றார்கள். உடனே வேறு தளத்தில் பல மடங்கு விலைக்குக் குவிந்து கிடக்கிறது. எப்படி அண்ணா?

பொதுமக்களுக்கென்று வந்த டிக்கெட்டே கொஞ்சம்தான், தம்பி. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுகளில் பெரும்பகுதி லீக்கின் 32 அணிகளுக்குப் பிரித்துத் தரப்படும். மோதும் இரண்டு அணிகளுக்குப் பெரிய பங்கு, மற்றவற்றுக்குச் சின்னச் சின்னப் பங்கு. ஏறக்குறைய கால்பங்கை லீக்கே வைத்துக்கொண்டு ஸ்பான்சர்களுக்கும் தன் கூட்டாளிகளுக்கும் கொடுக்கும். அணிக்குப் போனதிலும், சீசன் முழுவதற்கும் டிக்கெட் வாங்கியவர்களுக்குள் குலுக்கல். இதில் எங்குமே இல்லாத சாதாரண ரசிகருக்கு மறுவிற்பனைதான் வாசல்.

இது போக, வரிசையில் உங்களோடு நிற்பவர்கள் எல்லோரும் மனிதர்கள் இல்லை. ‘பாட்’ என்ற தானியங்கி மென்பொருளால் மொத்தமாக அள்ளுவதை அமெரிக்கா 2016இல் சட்டம் போட்டுத் தடுத்தது. வழக்குகள் என்னவோ விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

கையில் டிக்கெட்டே இல்லாமல் விற்பவர்களும் உண்டு என்கிறார்களே, நிஜமா?

நிஜம். விலையைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு ‘இந்தப் பகுதியில் ஒரு இருக்கை’ என்று பொதுவாகப் போட்டுத் தரகர் காசை வாங்கிவிடுவார். வரிசை எண், இருக்கை எண் எதுவும் இருக்காது. ஆட்டம் நெருங்கும்போது விலை இறங்கும், அப்போது வாங்கிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. பங்குச் சந்தையில் செய்யும் ஷார்ட் செல்லிங்கேதான்.

2015 சூப்பர் பவுலில் இந்தக் கணக்கு கவிழ்ந்தது. அரிசோனாவில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும் மோதிய ஆட்டம். கடைசி வாரத்தில் இறங்க வேண்டிய விலை ஏறிக்கொண்டே போனது. முன்பே விற்றுவிட்ட தரகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கப் பாய்ந்தார்கள். அதுவே விலையை இன்னும் தூக்கியது. மிக மலிவான இருக்கைக்கே பல ஆயிரம் டாலர் கேட்டார்கள். விமானம் ஏறி ஆட்டம் நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த ரசிகர்கள் பலருக்கு டிக்கெட் வரவில்லை, ‘பணம் திரும்ப வரும்’ என்ற செய்தி மட்டும் வந்தது. விடுதி வாடகை, பயணச் செலவு யார் தருவார்?

ஆகவே, இருக்கை எண் இல்லாத பட்டியலைத் தொடாதீர்கள். ‘ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு டிக்கெட் வரும்’ என்று இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். சில அமைப்பாளர்களே டிக்கெட்டைத் தாமதமாகத்தான் வெளியிடுவார்கள் என்பதால், எல்லாத் தாமதமும் மோசடி ஆகிவிடாது.

திரையில் ஒரு விலை, பணம் கட்டும்போது வேறு விலை. எங்கே போகிறது அந்தப் பணம்?

தளத்துக்கு. 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஃபிஃபாவே நடத்தும் மறுவிற்பனையில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம். 300 டாலருக்கு ஒருவர் விற்கிறார் என்று வையுங்கள். நீங்கள் கட்டுவது 345, அவர் கைக்குப் போவது 255. நடுவில் 90 டாலர், ஒரு இருக்கையைக்கூட நகர்த்தாத தளத்துக்கு. விற்பவரும் அந்த இழப்பை முன்கூட்டியே விலையில் ஏற்றித்தான் போடுவார். சுற்றி வந்தாலும் உங்கள் தலையில்தான் விழும். இதே போட்டிக்கு மெக்சிகோவில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். மனம் இருந்தால் முடியும் என்று தெரிகிறது.

அமெரிக்காவில் 2025 மே முதல் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். மற்ற இடங்களில் கடைசித் திரை வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எப்போது வாங்கினால் மலிவு, சார்?

சாதாரண லீக் ஆட்டம் என்றால் ஆட்ட நாளன்று. முதல் பந்து விழுந்த பிறகு அந்த டிக்கெட் வெறும் காகிதம் என்று விற்பவருக்குத் தெரியும். நாக் அவுட் சுற்று என்றால், ஒரு பெரிய அணி தோற்று வெளியேறிய அன்றைய இரவைப் பாருங்கள். அடுத்த சுற்றுக்கு முன்பதிவு செய்திருந்த அந்த அணி ரசிகர்கள் கூட்டமாக விற்க வருவார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு மட்டும் எந்த ஜோசியமும் பலிக்காது. 2015ஐ மேலே பார்த்தீர்கள்.

ஒன்று முக்கியம். திரையில் தெரிவது கேட்கும் விலை. அந்த விலைக்கு எவரும் வாங்கியதாக அர்த்தமில்லை. ‘லட்சக்கணக்கில் போகிறது’ என்று வரும் செய்திகளில் பல, யாரும் வாங்காத பட்டியலைப் பார்த்து எழுதியவை. மைதானத்தின் ஒரே பகுதியில் மிகக் குறைந்த விலையைச் சில நாள் தொடர்ந்து குறித்து வாருங்கள், நிலவரம் பிடிபடும்.

அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால், அமைப்பாளரே விற்றுவிடலாமே?

விற்க ஆரம்பித்துவிட்டார்கள். தேவைக்கேற்ப விலை மாறும் முறையை சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி 2009இல் சில இருக்கைகளுக்குச் சோதித்தது, அடுத்த வருடம் மைதானம் முழுக்கக் கொண்டுவந்தது. அதன் பின் பலர். என் கருத்தைக் கேட்டால், தரகரிடமிருந்து ரசிகரைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் தரகரின் லாபத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் போட்டால் நிற்காதா?

ஓரளவு நிற்கும். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம். அயர்லாந்து 2021இல் பெரிய நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுத்தது. ஆனாலும் மைதான வாசலில் கிசுகிசுக்கும் வியாபாரம் எங்கும் செத்துவிடவில்லை.

எனக்குப் பிடித்தது விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் வழி. பெரிய கோர்ட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புபவர்களின் இருக்கையை, ஏற்கனவே வளாகத்துக்குள் இருக்கும் சாதாரண டிக்கெட்காரர்களுக்குச் சொற்ப விலையில் தருவார்கள். காசு தர்மத்துக்குப் போகும்.

ஒருவர் கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். பல மைதானங்களில் அந்தக் கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறும். படம் வாசலில் செல்லாது. மாறாத கோடாக இருந்தால், அதே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம், முதலில் போனவர் உள்ளே. அதிகாரபூர்வ ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

என்னால் போக முடியவில்லை. என் டிக்கெட்டை என்ன விலைக்குப் போடட்டும்?

முதலில் விதிகளைப் படியுங்கள். சில டிக்கெட்டுகளை அதிகாரபூர்வத் தளத்துக்கு வெளியே விற்றால் ரத்து செய்துவிடுவார்கள். அங்கேயே, உங்கள் இருக்கை உள்ள பகுதியில் இருக்கும் குறைந்த விலைக்குக் கொஞ்சம் கீழே போட்டால் சீக்கிரம் போய்விடும். அதைவிட, விதி இடம் கொடுத்தால், கூடப் போவதாக இருந்த நண்பருக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார், வாங்கிய விலைக்கே கொடுங்கள். கட்டணமும் மிச்சம்.