கனடா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமா?

என் பதில்: வேண்டாம். ஆனால் இது ஆசைப்பட்டுச் சொல்கிற பதில் இல்லை. என் அக்கா பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் இருக்கிறாள். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள், எந்த நாட்டுக் கதவு திறந்ததோ அந்த நாட்டுக்குப் போனோம். அப்படியே முப்பது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. கனடாக்காரர் ஐரோப்பாவில் தங்கி வேலை செய்யலாம், அங்குள்ளவர்கள் இங்கே வரலாம் என்று ஒரு நாள் வந்தால், என் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய செய்தி இருக்காது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ட்ரம்ப் கனடாவை 51ஆவது மாநிலம் என்று சொல்லத் தொடங்கினார், பிறகு வரியைப் போட்டார். 2025 தொடக்கத்தில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் கனடாக்காரரில் 44 வீதமானவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாம் என்றார்கள். செய்தி வந்த அன்றே அக்கா போன் எடுத்தாள். "தம்பி, நீங்களும் இஞ்சால வந்து சேருங்கோவன். பிறகு உந்த பேப்பர் கரைச்சல் ஒண்டும் இருக்காது" என்றாள். நான் அன்றைக்கு ஓம் ஓம் என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் 49ஆம் பிரிவு, "எந்த ஐரோப்பிய நாடும்" விண்ணப்பிக்கலாம் என்கிறது. 1987இல் மொரோக்கோ கேட்டுப் பார்த்தது, ஐரோப்பிய நாடு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அந்தப் பிரிவை மாற்ற வேண்டுமானால் 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தூரம்தான் தடை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தென் அமெரிக்காவில் இருக்கிற பிரெஞ்சு கயானா ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறது, ஐரோப்பாவின் ராக்கெட்டுகள் அங்கேயிருந்துதான் மேலே போகின்றன. சைப்ரஸ் நிலப்படத்தில் ஆசியாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தும் 2004இல் சேர்ந்தது. மனம் இருந்தால் சட்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். என்னுடைய "வேண்டாம்" வேறு இடத்திலிருந்து வருகிறது.

நான் வேலை செய்வது கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றின் ஷிப்பிங் பகுதியில். கார் இருக்கைக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம் எங்களுடைய சாமான். ஹமில்டன் பக்கமிருந்து உருக்குச் சுருள் வரும். எங்களிடம் அதை வெட்டி, அழுத்தி, வளைத்து எடுப்பார்கள். அது பூச்சுப் பூசுவதற்கு அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போகும். பூசியது திரும்பி ஒன்ராறியோவுக்கு வரும், இங்கே வேறு பாகங்களோடு பொருத்துவார்கள். பொருத்தியது மறுபடி எல்லை தாண்டிப் போய் இருக்கையாகும். அந்த இருக்கை போட்ட கார் திரும்ப இங்கே வந்து விற்கப்படவும் கூடும். ஒரே இரும்புத் துண்டு எத்தனை தரம் அந்த எல்லையைக் கடந்தது என்று நான் பெட்டியில் ஒட்டுகிற லேபிளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு லேபிளிலும் நாள் மட்டுமில்லை, எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றும் இருக்கும். களஞ்சியத்தில் வைத்து எடுக்கிற பழக்கமே இந்தத் தொழிலில் இல்லை. லொறிதான் களஞ்சியம்.

2022 பெப்ரவரியில் லொறிக்காரர் போராட்டத்தில் வின்சருக்கும் டிட்ரொயிட்டுக்கும் இடையில் இருக்கிற அம்பாசடர் பாலத்தை ஒரு வாரமளவில் மறித்தார்கள். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் போய் வருகிற சரக்கில் பெறுமதிப்படி நாலில் ஒரு பங்கு அப்போது அந்த ஒரு பாலத்தால் போனது. மறித்து இரண்டு நாளில் எங்கள் ஷிப்ட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய கார்த் தொழிற்சாலைகளும் வேலை நேரத்தைக் குறைத்தன. முடித்த சட்டங்கள் இரும்புத் தட்டுகளில் கூரை வரைக்கும் அடுக்கியபடி நின்றன. பூச்சுக்குப் போகாத இரும்பு, ஈரம் பட்டால் ஒரே இரவில் துருப்பிடிக்கத் தொடங்கும். மேலே பிளாஸ்டிக் போர்த்தி, அடியில் மரக்கட்டை வைத்து, நானும் இன்னும் இரண்டு பேரும் அதுகளைக் காவல் காத்தோம்.

இனி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதென்றால் என்ன என்று பாருங்கள். அது வெறும் வர்த்தக ஒப்பந்தம் இல்லை, சுங்க ஒன்றியம். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியாருக்கு ஒரே வரியைத்தான் விதிக்க வேண்டும், தனித்தனியாக யாரோடும் வர்த்தக ஒப்பந்தம் வைத்திருக்க முடியாது. அதாவது கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை விட்டு நாங்கள் வெளியே வர வேண்டும். வந்தால், அந்தப் பாலத்தின் கனேடியப் பக்கத்தில் நிற்கிற சுங்க அதிகாரி, ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரசல்ஸ் சொல்கிற வரியை வசூலிப்பார். ஒன்றியம் வெளிநாட்டுக் கார்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரி 10 வீதம். அந்தப் பக்கத்தில் அமெரிக்கா தன் வரியைப் போடும். என் இரும்புச் சட்டம் எல்லையைக் கடக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு கணக்கு.

இன்னொரு விசயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2025இல் ட்ரம்ப் கார்களுக்கு 25 வீத வரி போட்டபோது எங்கள் தொழிற்சாலை பூட்டுப்படாமல் தப்பியதற்குக் காரணம், அந்த மூன்று நாட்டு ஒப்பந்தத்தின் விதிகளுக்குள் அடங்குகிற உதிரிப்பாகங்களுக்கு விலக்குக் கிடைத்ததுதான். மழைக்கு ஒதுங்கி நிற்கிற கூரை ஒழுகுகிறது என்பது உண்மை. அதற்காக அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடலுக்கு அப்பால் இருக்கிற வீட்டுக்கு நடக்கத் தொடங்க முடியுமா? எங்கள் ஏற்றுமதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஐரோப்பாவுக்குப் போவது பத்தில் ஒரு பங்கும் இல்லை. அதைக் கூட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குச் சுங்க ஒன்றியம் தேவையில்லை.

அடுத்தது மீன். சில வருசத்துக்கு முன் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூபவுண்ட்லாந்துக்குப் போனோம். அங்கே போர்ச்சூன் என்ற சின்ன ஊரிலிருந்து படகு ஏறினால் சென் பியர் தீவு. கனடாக் கரையிலிருந்து 25 கிலோமீற்றர்தான் இருக்கும், ஆனால் அது பிரான்ஸ். இறங்கியவுடன் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்கு வைத்தோம், பேக்கரியில் யூரோவில் பாண் வாங்கினோம். என் சின்ன மகள் "பெரியம்மாவின் நாட்டுக்கு வந்திட்டமா?" என்று கேட்டாள். வந்துவிட்டோம்தான். ஆனால் அந்தத் தீவு பிரான்சுக்குச் சொந்தமாக இருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக்குள் இல்லை. கிரீன்லாந்தும் அப்படித்தான். டென்மார்க்கோடு சேர்ந்து உள்ளே போனது, 1982இல் வாக்கெடுப்பு வைத்தது, 1985இல் வெளியே வந்தது. முக்கிய காரணம் மீன். 2022இல் கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையில் இருக்கிற ஹான்ஸ் தீவைப் பாதி பாதியாகப் பிரித்ததில் டென்மார்க்கோடு எங்களுக்குத் தரை எல்லை வந்துவிட்டது, அதனால் நாங்களும் ஐரோப்பாவின் அயல்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது, ஒன்றியத்தை விட்டு வெளியேறிய அதே கிரீன்லாந்து.

சென் பியரைச் சுற்றியிருக்கும் கடலுக்காகக் கனடாவும் பிரான்சும் வருசக்கணக்காக வழக்காடின. 1992இல் வந்த தீர்ப்பில் பிரான்சுக்குக் கிடைத்ததில் தெற்கே போகிற பகுதி, பிரெஞ்சுக்காரரின் நீட்டுப் பாண் போல ஒடுங்கி நீண்ட ஒரு கீற்று. அதே வருசம்தான் நியூபவுண்ட்லாந்தில் கொட் மீன் பிடிக்கத் தடை வந்தது. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 1995 மார்ச்சில் எஸ்தாய் என்ற ஸ்பெயின் நாட்டு மீன்பிடிக் கப்பலைக் கனடா நடுக்கடலில் சுட்டு மிரட்டிப் பிடித்தது. அப்போதைய மீன்பிடி அமைச்சர் பிரையன் டோபின் அந்தக் கப்பலின் சிறுகண் வலையை நியூயோர்க்குக்குக் கொண்டுபோய்த் தூக்கிக் காட்டினார். இங்கிலாந்தின் கோர்ன்வால் மீனவர்கள், தாங்கள் ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே, படகுகளில் கனடாக் கொடியை ஏற்றினார்கள். சேர்ந்தால் ஒன்றியத்தின் பொது மீன்பிடிக் கொள்கை எங்களுக்கும் பொருந்தும். போர்ச்சூனில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு முதியவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். தடை வந்த பிறகு ஊரில் பாதி வீடுகள் அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டன என்று கையை நீட்டிக் காட்டினார். அவரிடம் போய், அந்தக் கடலின் கணக்கை இனி பிரசல்சில் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பால் விசயம் சுருக்கமாக. இங்கே எவ்வளவு பால் விற்கலாம் என்று பண்ணைக்காரருக்கு அளவு நிர்ணயித்து, வெளியிலிருந்து குறித்த அளவுக்கு மேல் வரும் பட்டருக்கும் சீசுக்கும் 200 வீதத்துக்கு மேல் வரி வைத்திருக்கிறோம். ஐரோப்பாவில் அந்தப் பால் அளவுக் கட்டுப்பாட்டை 2015இல் எடுத்துவிட்டார்கள். சேர்ந்தால் எங்களுடையதும் போகும், கியூபெக் பண்ணைக்காரர் தெருவுக்கு வருவார்கள். 2025 ஜூனில்தான் வர்த்தகப் பேச்சுகளில் இதில் கை வைக்கக்கூடாது என்று பாராளுமன்றம் சட்டமே போட்டது. பட்டர் விலையைப் பார்க்கிறபோது எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ஆனாலும் அதை மாற்ற வேண்டியவர்கள் நாங்கள்.

சரி, நோர்வே மாதிரி இருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேயும் எங்கள் ஆக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கும் இது நியாயமான கேள்வியாகவே படுகிறது. நோர்வே 1972இலும் 1994இலும் வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்றது. ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஏற்பாட்டில் 1994இலிருந்து, உள்ளே தடையில்லாமல் வாங்கி விற்கிற ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. சுங்க ஒன்றியத்தில் இல்லாததால் மற்ற நாடுகளோடு தனியாக ஒப்பந்தம் செய்யலாம், மீனும் அவர்கள் கையில்தான். இதற்கு அவர்கள் கொடுக்கிற விலை, பிரசல்சில் வாக்குப் போடாமலே அங்கே எழுதுகிற விதிகளைத் தங்கள் சட்டமாக்குவது. ஃபாக்ஸில் வருகிற ஜனநாயகம் என்று நோர்வேக்காரரே சொல்வார்கள். நாலு கோடிப் பேர் இருக்கிற, தன் மாகாணங்களையே ஒரு வழிக்குக் கொண்டுவர முடியாத கனடா அதை எத்தனை வருசம் பொறுக்கும்?

மாகாணம் என்று சொன்னதால் ஒன்று. நியூ பிரன்சுவிக்கில் ஒருவர் பக்கத்து கியூபெக்கில் மலிவாகப் பியர் வாங்கிக்கொண்டு வந்ததற்கு 292 டொலர் 50 சதம் அபராதம் கட்டச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஜேர்மனியில் வாங்கிய பியரை அக்கா வீட்டுக்காரர் காரில் பிரான்சுக்குக் கொண்டுவந்தால் ஒருவரும் கேட்பதில்லை. ஐரோப்பாவிடமிருந்து நாங்கள் எடுக்க வேண்டியது இது. கனடாவுக்குள்ளேயே ஒரு ஒற்றைச் சந்தை. 2025இல் மத்திய அரசு தன் பக்கத்துத் தடைகளை எடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. மாகாணங்களின் தடைகள் இன்னும் நிறைய மிச்சம்.

ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஏற்கனவே இருக்கிற வர்த்தக ஒப்பந்தத்தையும் நாங்கள் சரியாகப் பாவிக்கவில்லை. 2016இல் பெல்ஜியத்தின் வலோனியா என்ற பிராந்தியம் எதிர்த்து நின்று அதை ஏறக்குறைய முறித்தே போட்டது. 2017 செப்டெம்பரில் தற்காலிகமாக நடைமுறைக்கு வந்தது, 98 வீத வரிகள் போயின. அதற்குக்கூட எல்லா நாட்டுப் பாராளுமன்றங்களும் இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை. 2024இல் பிரெஞ்சு செனட் எதிர்த்து வாக்களித்தது. வர்த்தக ஒப்பந்தத்துக்கே இந்த நிலை என்றால், அங்கத்துவத்துக்கு 27 பேரும் எப்போது தலையாட்டுவார்கள்?

துண்டு துண்டாகச் சேர முடியும், அது நடந்துகொண்டும் இருக்கிறது. 2024 ஜூலையில் ஐரோப்பாவின் ஆராய்ச்சித் திட்டத்தில் கனடா இணைந்தது. 2025 ஜூனில் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. அக்காவின் மூத்த மகள் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கான வேலை அனுமதியில் இரண்டு வருசம் மொன்றியலில் இருந்து வேலை செய்தாள். வார விடுமுறைக்கு பஸ்சில் எங்கள் வீட்டுக்கு வருவாள், என் பிள்ளைகள் அவளிடம் பிரெஞ்சு படித்தார்கள். இரண்டு வருசம் முடிய அனுமதியும் முடிந்தது, போய்விட்டாள். அந்த இரண்டு வருசத்தை ஐந்தாக்குங்கள், வயதெல்லையை 45 ஆக்குங்கள், அங்கே படித்த தாதிக்கும் மின்வேலைக்காரருக்கும் இங்கே முதலிலிருந்து பரீட்சை வைக்காதீர்கள். இதற்கெல்லாம் 49ஆம் பிரிவை யாரும் தொட வேண்டியதில்லை. என் குடும்பத்துக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

என் பதில் மாறக்கூடிய ஒரு நிலைமை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாட்டு ஒப்பந்தத்தை அமெரிக்கா முழுதாகக் கைவிட்டு, உதிரிப்பாகங்களுக்கு இருக்கிற விலக்கும் போய், எங்கள் தொழிற்சாலையில் மிச்சிகன் லேபிள் ஒட்டுகிற வேலையே இல்லை என்று ஆகிவிட்டால், நான் மேலே போட்ட கணக்கில் பெரும்பகுதி செல்லாது. அப்போது மீனையும் பாலையும் மட்டும் வைத்து வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி நடந்தால் இதே இடத்தில் வந்து இந்தப் பதிலைத் திருத்தி எழுதுவேன். இன்றைக்குக் காலை ஷிப்ட்டில் மிச்சிகனுக்கு ஆறு லொறி ஏற்றினோம்.