வீடியோ பார்த்தால் புரிகிறது, தனியாக எழுத வரவில்லை

கேள்வி: ஐந்து மாதமாக பைத்தான் என்ற நிரல்மொழியின் வீடியோ பாடங்கள் பார்த்து நானாகவே கற்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. காலி ஃபைலைத் திறந்தால் முதல் வரியே வர மறுக்கிறது. புத்தகத்துக்கு மாறுவதா, சிறு நிரல் புதிர்கள் தரும் இணையதளங்களில் பயிற்சி எடுப்பதா, நேராக ப்ராஜெக்ட்டில் இறங்குவதா? ஒருவேளை மொழியையே மாற்ற வேண்டுமா?

பதில்: மொழியை மாற்றாதீர்கள். வேறு மொழிக்குப் போனாலும் இதே காலி ஃபைல் அங்கேயும் காத்திருக்கும்.

வீடியோவில் எந்த மாறி (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) வேண்டும், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எங்கே தொடங்க வேண்டும், எதை ஃபங்ஷனாக (பெயரிட்ட தனித் துண்டாக) பிரிக்க வேண்டும் என்ற முடிவுகளையெல்லாம் பாடம் நடத்துபவரே எடுத்துவிடுகிறார். நீங்கள் பின்தொடர்கிறீர்கள். முடிவெடுக்கும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத் தங்கள் நினைவின் மீது நம்பிக்கை அதிகம். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்கள் ஐந்து மாதமும் திரும்பப் படிப்பதைப் போலத்தான் போயிருக்கிறது.

ஆகவே வீடியோவை விட வேண்டாம், பார்க்கும் விதத்தை மாற்றுங்கள். பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள், அதே நிரலை நீங்களே எழுதுங்கள். சிக்கினால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். ஓடவிடும் முன் என்ன விடை வரும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணிப்பு தவறும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். மறுநாள் அதையே சற்று மாற்றுங்கள்: பாடத்தில் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை என்றால், நீங்கள் அதிகபட்ச மதிப்பெண்ணையும் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் ப்ராஜெக்ட். இதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் சிறியதாக இருக்கட்டும். உங்கள் தினச் செலவைக் கூட்டும் நிரல் போதும். 20, 30 என்று இரண்டு செலவுகளைக் கொடுத்துக் கூட்டினால் விடை 2030 என்று வரும்! இன்புட் (input) என்ற கட்டளை மூலம் வாங்குவதை பைத்தான் எழுத்துச் சரமாகவே எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளைக் கூட்டினால் ஒட்டத்தானே செய்யும்? இன்ட் (int) என்ற கட்டளை கொண்டு எண்ணாக மாற்றிய பிறகுதான் 50 கிடைக்கும். தரவு வகைகள் பற்றிய பாடத்தைப் பலமுறை கேட்டிருப்பீர்கள், ஆனால் இந்த 2030-ஐ ஒரு முறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்.

பிழைச் செய்தி வந்தால் பதறாமல் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன பிழை என்பது அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. பைத்தானின் பழைய பதிப்பை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல் செய்திகள் தெளிவாகிவிட்டன: எந்த அடைப்புக்குறியை மூடவில்லை என்று சொல்லும், மாறியின் பெயரைத் தவறாக எழுதினால் சரியான பெயரைக்கூடப் பரிந்துரைக்கும்.

புதிர்த் தளங்கள் லூப், லிஸ்ட் (பட்டியல்) போன்றவற்றில் கை பழக நல்லவை. வாரத்துக்கு இரண்டு மூன்று போதும். அங்கே உள்ளீடு எது, விடை எது என்று முன்கூட்டியே வகுத்துத் தந்துவிடுவார்கள். உங்களுக்கு வராதது அப்படி நீங்களே வகுத்துக்கொள்வதுதான். புத்தகம் இரண்டாம் சுற்றுக்கு மிக நன்று, வீடியோவில் விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பும். பைத்தானின் அதிகாரபூர்வப் பாடம் இலவசம்தான், ஆனால் வேறு மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது. அது புரியவில்லை என்றால் உங்கள் மீது குறை இல்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் முழு நிரலையும் கேட்காதீர்கள். மறுபடியும் முடிவெடுக்கும் வேலை கைமாறிவிடும். நீங்கள் எழுதியதையும் வந்த பிழையையும் காட்டி, ஒரு குறிப்பு மட்டும் கேளுங்கள்.

இன்றைக்கே அந்தச் செலவு நிரலைத் தொடங்கலாம். காலி ஃபைலில் முதலில் கோட் வேண்டாம். செலவை வாங்கு, பட்டியலில் சேர், கூட்டு, காட்டு என்று நான்கு வரிகளைத் தமிழிலேயே, முன்னால் # இட்ட குறிப்புகளாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்கான பைத்தான் வரியைப் போடுங்கள். உங்கள் முதல் வரி வந்துவிடும்.