கோட்டை விழுவது வேறு, ஊர் சூறை போவது வேறு

கேள்வி: பழைய ஆங்கில வரலாற்று நூல்களில் ‘எக்ஸ்பக்னேஷன்’, ‘டிரெப்ஷன்’ என்று இரண்டு சொற்கள் வருகின்றன. இரண்டுமே ஊரைத் தாக்கிச் சூறையாடுவதுதானே? மொழிபெயர்க்கும்போது ‘படையெடுப்பு’ என்று போட்டுவிட்டால் என்ன?
(வாசகர், சேலம்)

பதில்: போடாதீர்கள். படையெடுத்தவன் மதிலைத் தொடாமலே திரும்பியிருக்கலாம். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒன்றல்ல; ஒன்று முடிந்த இடத்தில்தான் பெரும்பாலும் மற்றது தொடங்கும்.

‘எக்ஸ்பக்னேஷன்’ லத்தீன் சரக்கு. அரணை வளைத்துக் கிடந்தால் லத்தீனில் ‘ஒப்சித்யோ’, மோதினால் ‘ஒப்புக்னாத்யோ’, மோதிப் பிடித்தேவிட்டால் ‘எக்ஸ்புக்னாத்யோ’. வெற்றி ‘எக்ஸ்’ என்ற அந்த முன்னொட்டில் இருக்கிறது. அதனால் வெறும் ‘தாக்குதல்’ போதாது; ‘தாக்கிப் பிடித்தல்’ என்றே எழுத வேண்டும். செறிவாக வேண்டுமானால், அரண் முற்றுகைப் போரைப் பாடும் உழிஞைத் திணைக்குத் தொல்காப்பியம் ‘முற்றலும் கோடலும்’ என்கிறது. முற்றல் வளைப்பது, கோடல் கைக்கொள்வது. ‘அரண் கோடல்’ நல்ல தமிழ், அளவும் சரி.

‘டிரெப்ஷன்’ என்பதன் வேர்ப்பொருள் பிய்த்துப் பிடுங்குவது. இதற்குச் ‘சூறையாடல்’ போதும். வேறு தேட வேண்டாம்.

இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? கி.பி. 410 ஆகஸ்ட் 24-இல் மன்னன் அலாரிக்கின் விசிகோத்து இனப் படையினர் ரோமுக்குள் நுழைந்தது சலாரிய வாயில் வழியாக. கதவு திறந்துவிடப்பட்டது, மதிலேறிப் போர் இல்லை. பிறகு மூன்று நாள் கொள்ளை. அங்கே சூறை உண்டு, அரண் கோடல் இல்லை.

ஸ்பெயினின் கோட்டை நகரான படஹோஸில் இரண்டும் நடந்தன. 1812 ஏப்ரல் 6 இரவு, பீரங்கி பிளந்த மதில் வாய்களில் பாய்ந்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் வீரர்கள் அலையலையாக மடிந்தார்கள். வேறு பக்கங்களில் ஏணி சாத்தி ஏறியவர்களால்தான் ஊர் விழுந்தது. தொல்காப்பியர் ‘ஏணிமிசை மயக்கம்’ (ஏணிமேல் கலந்து பொருவது) என்கிறாரே, அதே காட்சி. அதன்பின் சில நாள், வென்ற படை வீடு வீடாகப் புகுந்து கொள்ளையடித்தது, பெண்களைச் சீரழித்தது, கொன்றது. காவலிருந்தது பிரெஞ்சுப் படை; சூறை போனதோ பிரிட்டனின் நேச நாடான ஸ்பெயினின் சொந்தக் குடிகள். இதையும் ‘படையெடுப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் அந்தக் குடிகள் வரலாற்றிலிருந்தே மறைந்துபோவார்கள். மொழிபெயர்ப்பாளர் அதற்குத் துணைபோகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘டிரெப்ஷ’னுக்கும் திசையைக் குறிக்கும் ‘டைரக்‌ஷ’னுக்கும் ஒரே எழுத்துதான் (p, c) வேறுபாடு. பழைய நூலின் படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது முன்னது பின்னதாக மாறிவிட வாய்ப்பு அதிகம். ‘நகரத்தின் திசை’ என்று பொருந்தாத வரி கண்ணில் பட்டால், அச்சுப் பக்கத்தின் படத்தைத் திறந்து அந்த எழுத்தைப் பாருங்கள்.