பத்தொன்பது பேருக்கு ஓர் அறிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பயனற்ற வேலைகளைக் கேலி செய்து தாங்கள் எழுதிய நூலைச் சென்ற வாரம் வாங்கி, இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்காகவே கூடும் கூட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அதற்கடுத்த அத்தியாயம் 'யாரும் படிக்காத அறிக்கை'. அதிலும் இரண்டு பக்கங்கள் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் அவள், "இது நீங்கள்தானே?" என்று கேட்டாள். அதன்பிறகு என்னால் உரக்கப் படிக்க முடியவில்லை.

பதினோரு ஆண்டுகளாக நான் ஒரு நிறுவனத்தில் மாதாந்திரச் செயல்திறன் அறிக்கை தயாரித்து வருகிறேன். மொத்தம் 42 பக்கங்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் பத்தொன்பது பேருக்கு மின்னஞ்சலில் அதன் லிங்க் போய்ச் சேரும். சென்ற ஆண்டு கோப்புகளை வேறொரு சர்வருக்கு மாற்றியபோது அந்த லிங்க் செயலிழந்துவிட்டது. மூன்று மாதங்களுக்குப் பிறகு, நானே வேறெதற்காகவோ அதைச் சொடுக்கியபோதுதான் அது தெரிந்தது. பத்தொன்பது பேரில் ஒருவர்கூட அதுவரை கேட்கவில்லை. லிங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மாத அறிக்கையைத் தொடங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருவருக்குச் சோறு போடும் வேலையைப் பார்த்துச் சிரிப்பது முறையா என்பது என் முதல் கேள்வி. ஒரு வேலை பயனற்றது என்று தீர்ப்புச் சொல்ல வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என்ன தகுதி இருக்கிறது என்பது இரண்டாவது. "இந்த அறிக்கை உண்மையில் யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்டுவிடலாமா எனச் சில நாட்களாக யோசித்தும் வருகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது நீங்கள் அல்ல, நான். அந்த நூலில் வரும் பெரும்பாலான வேலைகளை நான் கேட்டும் பார்த்தும் எழுதினேன். அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் யாரிடமும் கேட்காமல் எழுதினேன்.

எழுத்தை மட்டும் நம்பி வாழத் தொடங்குவதற்கு முன்பு, ஓர் அலுவலகத்தில் திட்ட முன்னேற்ற அறிக்கை தயாரிப்பது என் பணியாக இருந்தது. அதன் பதினேழாம் பக்கத்தில் 'இம்மாதத்தின் முதன்மை இடர்கள்' என்று ஓர் அட்டவணை உண்டு. ஒருநாள் மாலை, எல்லோரும் கிளம்பிப் போன பின்பு, அந்த அட்டவணையின் முதல் வரிசையில் "இந்த அட்டவணையை யாரேனும் படித்துவிடக்கூடும்" என்று எழுதி, அதற்கு எதிரே 'நிகழ்வதற்கான வாய்ப்பு: மிகக் குறைவு' என்று குறித்து அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் அந்த வரி அங்கேயே இருந்தது. இப்படி எட்டு மாதங்கள் போயின. ஒன்பதாம் மாதம் பதினேழாம் பக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் வந்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அட்டவணைத் தலைப்பில் உள்ள நீலம் புதிய வண்ண விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்றும், உடனே மாற்றி அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. நீலத்தை மாற்றினேன். அந்த வரியையும் அன்றே எடுத்துவிட்டேன்.

அந்த எட்டு மாதங்களில் ஒரு மாதம்கூட அறிக்கையின் எண்களில் நான் தவறு விட்டதில்லை என்பதை நூலில் எழுதாமல் விட்டுவிட்டேன். கூட்டுத்தொகையை இரண்டு முறை சரிபார்ப்பேன். தசமப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று அறிந்தே அவ்வளவு கவனமாகச் செய்தேன். எழுதியிருந்தால் சிரிப்புக் கெட்டிருக்கும் என்பதால் விட்டேனா, வெட்கத்தால் விட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, சோறு போடும் வேலையைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று கேட்டால், அந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் என்ற முறையில் சிரிக்கலாம் என்றுதான் சொல்வேன். "நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்ற பழமொழியை நூலின் முகப்பில் போடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பொருத்தமான பழமொழிதான், ஆனால் அது வேலையை விட்டுவிட்டு ஆளைக் கடிக்கிறது என்பதால் வேண்டாம் என்றேன். என் சிரிப்பு வேலைக்குச் சூட்டப்படும் பெயரிலும், அதைச் சூழ்ந்திருக்கும் முகபாவனையிலும் இருக்கிறது. செருப்புத் தைப்பவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு சொற்களில் முடித்துவிடுவார். 'உள்ளகப் பங்குதாரர் ஒருங்கிணைப்பு மேம்பாட்டு முதுநிலை ஆலோசகர்' என்ற டெசிக்னேஷனை வைத்திருப்பவரோ, வீட்டில் குழந்தை கேட்டால் ஒரு கணம் கூரையைப் பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் அவருக்கே சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பைத்தான் நான் எழுத முயன்றேன்.

ஆனால் உங்கள் இரண்டாம் கேள்வியை என்னால் இவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை, ஏனெனில் அதில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன். தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் அருகே நின்று, வருபவர்களுக்காகப் பொத்தானை அழுத்தித் தரும் ஊழியரைப் பற்றி நூலில் ஒரு பக்கம் வருகிறது. ஆட்களைக் குறைக்க இயந்திரத்தை வாங்கி, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். நூல் வெளிவந்து சில வாரங்கள் கழித்து, அதே போன்றதோர் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு முதியவர். அவர் விரல் நடுங்கியதில் திரை ஒவ்வொரு முறையும் வேறேதோ ஊரைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஊழியர் வந்து, அவருடைய கையைப் பிடிக்காமல், தன் விரலை மட்டும் திரையருகே நீட்டி, "எந்த ஊர் ஐயா?" என்று கேட்டார். பத்து நொடியில் வேலை முடிந்தது. முதியவரின் தன்மானத்துக்கும் ஒரு குறையும் நேரவில்லை. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு என் நூலிலேயே சான்று இருக்கிறது.

அப்படியானால் உள்ளே இருப்பவரைக் கேட்கலாம். கேட்டுமிருக்கிறார்கள். மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில், தங்கள் வேலை இல்லாமல் போனாலும் உலகுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று உள்ளூர நம்பியபடியே பலர் அதைச் செய்துவருகிறார்கள் என்று வாதிட்டார். அதையொட்டி 2015இல் யூகவ் நிறுவனம் பிரிட்டனில் நடத்திய கருத்துக்கணிப்பில், தங்கள் வேலை உலகுக்குப் பொருளுள்ள பங்களிப்பு எதையும் செய்யவில்லை என்று 37 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் 2005, 2010, 2015 ஆண்டுகளின் பணிநிலைக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயனுள்ள வேலை செய்கிறோம் என்ற உணர்வே இல்லாதவர்கள் 2015இல் 5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குக் கேள்வியின் சொற்களே பெருமளவு காரணம் என்று நினைக்கிறேன். 'உலகுக்கு உன் பங்களிப்பு என்ன?' என்று கேட்டால் நல்ல தச்சர்கூடச் சற்றுத் தயங்குவார். 'உன் வேலையால் பயன் உண்டா?' என்று கேட்டால் தயங்கமாட்டார். அதனால்தான் என் நூலில் இந்த எண்கள் எதையும் நான் சேர்க்கவில்லை. அந்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் என்னைத் தொட்டது வேறொன்று. வேலை பயனற்றது என்ற உணர்வு, மேலாளர் தன்னை மதிக்கிறாரா, தன் சொல்லுக்குக் காது கொடுக்கிறாரா என்பதோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. உங்கள் கடிதத்திலும் அதுதானே தெரிகிறது? 42 பக்கங்கள் வீண் என்பதைவிட, மூன்று மாதங்கள் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் உங்களுக்கு வலித்திருக்கிறது.

இத்தகைய வேலைகளை யாரோ ஒரு மூடர் உட்கார்ந்து உருவாக்குகிறார் என்ற எண்ணம் என் நூலைப் படித்தவர்கள் சிலருக்கு ஏற்பட்டிருக்கிறது. அது என் எழுத்தின் குறை. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எகனாமிஸ்ட் இதழில் எழுதிய கட்டுரையில் பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டினார். 1914இல் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62; 1928இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலகத்தின் அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகியிருந்தார்கள். கப்பல் குறையக் குறைய அதிகாரி கூடினார். இதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்: ஓர் அதிகாரி தனக்குக் கீழே ஆட்களைப் பெருக்கிக்கொள்ள விரும்புகிறார், போட்டியாளரைப் பெருக்க விரும்புவதில்லை, வந்த ஆட்கள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக் கொடுத்துக்கொள்கிறார்கள். எல்லோருமே மாலையில் உண்மையாகவே களைத்துப்போய்த்தான் வீடு திரும்புகிறார்கள்.

உங்கள் 42 பக்கங்களும் அப்படித்தான் பிறந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். என்றோ ஒருநாள் ஏதோ ஒன்று தவறிப்போய், மேலே இருந்த ஒருவர் "இது ஏன் எனக்குத் தெரியப்படுத்தப்படவில்லை?" என்று கேட்டிருப்பார். மறுமாதம் ஒரு பக்கம் பிறந்திருக்கும். இன்னொரு தவறு, இன்னொரு பக்கம். கேட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். பக்கம் ஓய்வு பெறவில்லை. ஓர் அறிக்கையைத் தொடங்க ஒரு மின்னஞ்சல் போதும். நிறுத்துவதற்கோ ஒருவர் கையெழுத்திட வேண்டும். தொடர்வதற்கு ஆகும் செலவு யாருடைய கணக்கிலும் தனியாக ஏறுவதில்லை. நிறுத்திய மறுமாதம் ஏதேனும் நடந்துவிட்டால், அந்தப் பழி மட்டும் நிறுத்தியவர் பெயரில் ஏறும்.

ஜெர்மானிய அரசியல் தலைவர் பிஸ்மார்க், தூதராக ரஷ்யாவில் இருந்த காலத்தில் கேட்டதாகத் தம் நினைவுக்குறிப்புகளில் ஒரு கதையைச் சொல்கிறார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கோடைப் பூங்காவில், புல்வெளியின் நடுவே, காரணமே இல்லாமல் ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார். ஏன் நிற்கிறாய் என்று பேரரசர் கேட்டதற்கு, "உத்தரவு" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் தெரியவில்லை, மேலதிகாரிகளுக்கும் தெரியவில்லை. விசாரித்தபோது, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு பேரரசி கேத்தரின் அந்த இடத்தில் பருவத்துக்கு முன்பே பூத்த ஒரு பூவைக் கண்டு, அதை யாரும் பறித்துவிடாமல் காவல் வைக்கச் சொன்னார் என்று ஒரு பழைய பணியாள் நினைவுபடுத்தினாராம். பூ வாடிப்போயிற்று, பேரரசியும் மறைந்தார், காவல் மட்டும் நின்றது.

அந்தக் காவலர் என் நூலில் வந்திருந்தால் நான் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கமாட்டேன். பனியில் நின்றவர் அவர். இன்றைய நிறுவனம் ஒன்று அந்தப் பூங்காவை எடுத்து நடத்தியிருந்தால், காவலரின் வருகையைப் பதிவுசெய்ய ஒருவர், 'மலர்ப் பாதுகாப்புக் குறியீடு' கணக்கிட ஒருவர், அந்தக் குறியீட்டை டேஷ்போர்டில் பச்சை நிறத்தில் காட்ட ஒருவர், காலாண்டுக்கு ஒருமுறை அதைப் பாராட்ட ஒரு குழு என்று வைத்திருக்கும். பூ இல்லாததால் அதை ஒருவராலும் பறிக்க முடியாது. குறியீடு எப்போதும் நூற்றுக்கு நூறு இருக்கும். இதைப் பார்த்துச் சிரிக்காமல் என்னால் இருக்க முடியாது.

கடைசியாக, கேட்டுவிடலாமா என்ற உங்கள் யோசனைக்கு வருகிறேன். சம்பளம் உங்களுடையது, ஆகவே துணிச்சலை நான் இங்கிருந்து இலவசமாக வழங்குவது சரியல்ல. கேட்பதானால் மேலாளரிடம் நேரில், தனியாகக் கேளுங்கள்; அவருக்கும் அந்த அறிக்கை சுமையாக இருக்கலாம். பத்தொன்பது பேருக்கும் மொத்தமாக மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வேண்டாம் என்று முதலில் சொல்பவராக இருக்க ஒருவரும் விரும்பமாட்டார். "மிகவும் பயனுள்ள அறிக்கை, தயவுசெய்து தொடரவும்" என்று பத்தொன்பது பதில்களும் வந்து சேரும். அந்த மின்னஞ்சலை யாரோ ஃபார்வர்டு செய்ததில் பார்த்துவிட்டு, இருபதாவதாக ஒருவர், இவ்வளவு முக்கியமான அறிக்கை இத்தனை நாள் தனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுவார்.

பின்குறிப்பு: அந்த லிங்க் சம்பவத்தை, உங்கள் பெயரும் அடையாளமும் இல்லாமல், அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ள அனுமதிப்பீர்களா? டிக்கெட் இயந்திரத்தை எடுத்த இடத்தில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
நூலாசிரியர்