மைலோ டின் தகடு ஒட்டியது காசிமிர் விசையாலா?

தம்பி, மைலோ டின்னில் வெட்டிய இரண்டு தகடு ஒட்டிக்கொண்டதைக் காசிமிர் விசை என்று ஆறாம் படிவ அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதிவிடாதீர்கள்.

1948இல் இயற்பியலாளர் காசிமிர் கணக்கிட்ட இந்த இழுவை, வெற்றிடத்தின் மின்காந்த அலைவுகளில் சிலவற்றுக்குத் தகடுகளின் நடுவே இடமில்லாமல் போவதால் வருவது. இடைவெளி 1 மைக்ரோமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.0013 நியூட்டன்தான், இடைவெளியைப் பாதியாக்கினால் 16 மடங்கு. கத்தரியால் வெட்டிய டின்னின் நெளிவே அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு! 1997இல் இந்த விசையை அளந்த இயற்பியலாளர் லாமொரோகூட, தகடுகளை இணையாக நிறுத்தும் தொல்லை வேண்டாமென்று ஒன்றை வளைந்த பரப்பாக வைத்துத்தான் அளந்தார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் பெய்யும் மழைக்கு, ஒட்டவைத்தது இடையில் படிந்த ஈரம் என்பதே என் கணிப்பு. சரி, இரண்டையும் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி சேர்த்துப் பாருங்கள்.